ஐந்தாவது வீட்டின் ஏணி

கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இல்லாத மனிதர்களை உண்டாக்கி அவர்களுக்கு வீடு கட்டுவோம். நாற்பது வயது டீச்சர், தனியாக இருக்கிறாள், பூனை வளர்க்கிறாள், காலை வெயில் பிடிக்கும் என்று எழுதி, அந்த வெயிலுக்காகக் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் வைப்போம். உண்மையில் முதலில் வரைந்தது ஜன்னலைத்தான். ஜன்னல் அழகாக வந்துவிட்டது, அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் டீச்சரும் பூனையும் பின்னால் வந்து சேர்வார்கள். இதைக் கல்லூரியில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. பயனாளர் குறிப்பு என்பார்கள். நான் அதில் கெட்டிக்காரி.

நான்காம் ஆண்டில் எங்கள் வகுப்புக்குத் தாராவியில் ஒரு சந்து கொடுத்தார்கள். சந்திலுள்ள வீடுகளை அளக்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு வீட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடு இரண்டு மூன்று தடவையாவது உட்கார்ந்து பேசி, அதே இடத்துக்குள் அவர்களுக்கு ஒரு புது வீட்டை வரைய வேண்டும். என் குழுவில் மூன்று பேர். தானேயிலிருந்து வரும் மராட்டிப் பெண் ஒருத்தி, காட்கோபரிலிருந்து வரும் குஜராத்திப் பையன் ஒருவன், நான். சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். வடிவமைப்பு வகுப்பெடுக்கும் ஸ்டூடியோ சார் என்னைப் பார்த்து, "உனக்கென்ன கவலை, நீதான் தமிழ் ஆச்சே" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டுத் தமிழ் அம்மாவோடு சண்டை போடவும் பூக்கடையில் பேரம் பேசவும் மட்டுமே பயன்பட்டு வந்தது. எங்கள் கட்டடத்திலிருந்து அந்தச் சந்துக்கு நடந்தே போகலாம், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறந்ததிலிருந்து நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. எங்கள் வீட்டில் யாருமே போனதில்லை. அதைப் பற்றி அப்போது எனக்கு வெட்கமும் இல்லை.

அளக்கப் போன அன்று நல்ல மழை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து அது. குடை விரிக்க முடியாது. இரண்டு பக்கத்து மேல்தளங்களும் தலைக்கு மேலே கிட்டத்தட்ட முட்டிக்கொண்டதால் பகல் பதினோரு மணிக்கும் எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தது. காட்கோபர் பையன் டேப்பின் தலைப்பைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொள்ள, தானேக்காரி அளவை உரக்கப் படிக்க, நான் எழுதினேன். என் கையெழுத்துதான் திருத்தமாக இருக்கும். ஒரே நாளில் ஒன்பது வீடுகள். ஈரத் தோலும் கோந்தும் கலந்த வாடை, தையல் மிஷின் சத்தம், டிவி, யார் யாரோ பேச்சு. ஒரு முகம்கூட என் நினைவில் தங்கவில்லை, நோட்டிலிருந்து நான் தலையைத் தூக்கினால்தானே. மாளா என்று அங்கே சொல்லும் மேல்தட்டுக்கு எந்த வீட்டிலும் நாங்கள் ஏறவில்லை. கீழேயிருந்து டேப்பை உயர்த்திப் பிடித்து, மீதியைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிக்கொண்டோம். எல்லா மாணவர்களும் இதைத்தான் செய்வார்கள்.

அளந்த பிறகு, குடும்பத்தோடு பேசப் போக வேண்டிய நாளில் நான் போகவில்லை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. போகப் பிடிக்கவில்லை. சாரிடம் காய்ச்சல் என்றேன்.

ஒன்பது வீடுகளில் ஐந்தாவது வீட்டின் வரைபடம்தான் ஓரளவு சதுரமாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். மேல்தட்டுக்கு ஏற அங்கே ஒரு மர ஏணி. அதைத் தூக்கிவிட்டு ஒரு படிக்கட்டு வரைந்தேன். ஒவ்வொரு படியும் ஓர் இழுப்பறை. நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்து பாடம் படிக்கிற அளவுக்குச் சின்ன மேடை. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கைப்பிடி. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அதையே வரைந்துகொண்டிருந்தேன். அதுவரை நான் வரைந்ததிலேயே நல்லது அதுதான். அறையின் அகலம் கொஞ்சம் போதாததால் சுவரை ஒன்றரை அடி தள்ளி வைத்துக்கொண்டேன். யார் போய் அளக்கப் போகிறார்கள்?

படிக்கட்டு வந்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஏணியே போதுமே, இந்தக் குறுகிய இடத்தில் படி எதற்கு என்று சார் கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எதிரே அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஓர் அம்மா. வீட்டிலிருந்தபடியே பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஆறு வயது நிறைந்த அன்று காலையில் புது ஃப்ராக் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஏணியில் இறங்கினாள். மேலிருந்து நாலாவது படியில் கால் வழுக்கி விழுந்தாள், பிழைக்கவில்லை. அம்மா அந்தப் படியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி வைத்திருக்கிறாள். இளையவள் மேலேயிருந்து எட்டிப் பார்க்கக் கூடாதென்று மேல்தட்டின் வாயில் ஒரு பழைய புடவைத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். இளையவள் ஏணியில் இருக்கும்போது அவள் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். எனக்கு அப்படி ஒருபோதும் வந்ததில்லை. ஒரு வரிக்கு நான்கு வரி அடிக்கிறவள் நான். எழுதி முடித்தபோது கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே?" என்றாள் அம்மா.

"ஒரு கொழந்தையைக் கொன்னுட்டேம்மா" என்றேன் விளையாட்டாக.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசற பேச்சா இது? எழுந்து போய் வாயை அலம்பிண்டு வா."

நான் சிரித்தேன். அதோடு நிற்காமல் அந்தக் கதையை ஆறு கட்டங்களில் படமாகவும் வரைந்தேன். தண்ணீர் பாட்டிலுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தேன். ஏன் சிவப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

வரைபடங்களை மதிப்பிட ஜூரி வந்த அன்று என் ஷீட்டுக்கு முன்னால் எல்லோரும் நெடுநேரம் நின்றார்கள். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, தாதரில் சொந்த அலுவலகம் வைத்திருக்கும் கட்டடக் கலைஞர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த வருஷம் பார்த்ததில் மனிதர்களுக்காக வரைந்த ஒரே வீடு இதுதான் என்றார். சார் பெருமையாக என் முதுகில் தட்டினார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அந்த அம்மாள் அதோடு விட்டிருக்கலாம். "நான் இந்தத் தாயைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை போகலாமா?" என்றார்.

கதை கட்டியது தெரிந்தால் மதிப்பெண் மட்டுமல்ல, வருஷமே போய்விடும். அந்த வீட்டில் நாலு பிரம்மச்சாரிகள் கைலி கட்டிக்கொண்டு கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. பூட்டியிருந்தால் ஊரில் கோயில் கொடைக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்தாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. பல்புக்குக் கீழே தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளைச் சுற்றிக் கறுப்புப் பைகள் குவிந்து கிடந்தன. ஒரு பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து அவள் திகைக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"வா பிள்ள" என்றாள். "படி வரஞ்சாச்சா?"

நான் படி வரைந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? கல்லூரிக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகுதான் ஏணியைப் பார்த்தேன். மேலிருந்து நாலாவது படியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சிட்டிருந்தது. அதற்கு மேலே, தட்டின் வாயில், சாயம் போன புடவைத் துண்டு ஒன்று தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விலகி, ஒரு சின்னப் பெண்ணின் முகம் எட்டிப் பார்த்தது.

"ஏட்டி, அங்கனயே நில்லு. அம்மா வாரேன்" என்று அவள் ஊசியைப் பையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

ஜூரி அம்மாளுக்குப் பரவசம். மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்து, "நீ வரைந்தபடியே இருக்கிறது" என்றார். சாரும் மற்றவர்களும் கிசுகிசுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் பயந்து நின்றவள் நான் ஒருத்திதான். நான் சொன்ன பொய்க்குள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது.

"மூத்த மகளைப் பற்றி அவரிடம் கேள்" என்றார் சார் ஆங்கிலத்தில்.

அங்கே இரண்டு பக்க மொழியும் தெரிந்தவள் நான் மட்டும்தான். அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"தென்காசிப் பக்கம். ஏன் கேக்க?"

நான் திரும்பி, "அதைப் பற்றிப் பேச அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்" என்றேன். ஜூரி அம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் எதற்கென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

அதற்குள் என் கண் அறை முழுக்கத் தேடிவிட்டது. சுவரில் சாமி படங்கள், காலண்டர். ஆணியில் ஒரே ஒரு ஸ்கூல் பை, ஒரே ஒரு யூனிஃபார்ம். மாலை போட்ட படம் எங்குமில்லை. அப்படியானால் மூத்தவள் என்று யாருமில்லை. இருப்பது ஒரே பெண். நான் எழுதியதில் எல்லாம் இங்கே இருந்தது, ஒன்றைத் தவிர.

"பாப்பாக்கு என்ன வயசுக்கா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு வாரம் போனா ஆறு நெறையுது" என்றாள்.

நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. அன்று மாலையே உட்கார்ந்து நியாயமாக யோசித்தேன். அளக்க வந்த நாளில் மஞ்சள் துணியைப் பார்த்திருப்பேன், மறந்திருப்பேன், எழுதும்போது கை அதை எடுத்துப் போட்டிருக்கும். அளவு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எண்கள் மட்டும்தான். துணியுமில்லை, புடவையுமில்லை. தானேக்காரியிடம் கேட்டேன். ஏணி இருந்தது, துணி தெரியாது என்றாள். காட்கோபர் பையனுக்கு ஒரு பெருச்சாளி காலில் ஏறியது மட்டும்தான் ஞாபகம். சரி, துணியைப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள்வோம். படியைப் பற்றி அவள் எப்படிக் கேட்டாள்? நடக்காத ஒரு சாவை நான் எங்கிருந்து பார்த்தேன்?

இரண்டு வாரத்தில் நான்கு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். அளவு சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி டேப்பைச் சும்மா விரித்து மடக்குவேன். மாட்டுங்காவிலிருந்து நடந்து போவேன். ஒவ்வொரு தடவையும் சந்துக்குள் நுழைந்ததும் கூட்டமோ ஒப்பாரியோ கேட்கிறதா என்று முதலில் காது கொடுப்பேன். தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டால் மூச்சு வரும். குழந்தை ஸ்கூலிலிருந்து வரும் நேரமாகப் பார்த்துப் போவேன். அவள் பச்சைப் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பச்சைப் பாட்டில், சிவப்பில்லை என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆறுதல்.

மூன்றாம் தடவை அந்த ஆறுதலும் போயிற்று. ஏணிக்குப் பின்னாலிருந்த சுவரில், உயரத்தில், ஓர் ஆணியில் சிவப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூடியில் தூசி படிந்திருந்தது.

"அது யாரோடதுக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். "அது கெடக்கட்டும்" என்றாள்.

யாருக்காக, எந்த நாளுக்காக அது அங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அன்றைக்கே அவள் பிறந்தநாளுக்கு எடுத்த புது ஃப்ராக்கையும் காட்டினாள். எந்தக் குழந்தைக்குத்தான் பிறந்தநாளுக்குப் புது ஃப்ராக் இல்லை? அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பயன். அதைத் தொடவே எனக்குக் கை கூசியது.

"பாப்பா கொஞ்ச நாள் கீழயே படுத்துக்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கீழ எங்க எடம்? பையி கெடக்கு, மிஷின் கெடக்கு. நாங்களே ஒருச்சாஞ்சுதான் படுக்கோம்" என்று சிரித்தாள்.

கல்லூரிக்குப் போய் ஷீட்டை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அது தாழ்வாரத்தில் கண்ணாடிக்குள் ஏறிவிட்டிருந்தது. சாவி அலுவலகத்தில். கதையை மட்டும் மாற்றி வேறு ஷீட் ஒட்டுகிறேன் என்று சாரிடம் கெஞ்சினேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, "கதையில் கை வைக்காதே, வரைபடத்துக்கு உயிரே அதுதான்" என்றார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் பத்தியைத் திறந்தேன். 'விழுந்தாள், முழங்காலில் சிராய்ப்பு' என்று மாற்றிச் சேமித்தேன். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, மாற்றியது மாறியபடியே இருக்கிறதா என்று பார்த்தேன். இருபத்திரண்டு வயது, முதல் மதிப்பெண், என் புத்தி போன போக்கு அது.

பிறந்தநாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. காலை ஆறரை மணிக்கே கிளம்பிவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் திட்டம் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறேன், அவ்வளவுதான். தண்ணீர் வரும் நேரமாதலால் சந்து முழுக்க ட்ரம்மும் குழாயும் பெண்களுமாக இருந்தது. யார் காலையெல்லாமோ மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். மேலே விடிந்திருந்தாலும் உள்ளே விடியவில்லை. ஐந்தாவது வீட்டுப் பல்பு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

குழந்தை ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். புது ஃப்ராக். ஒரு கையில் பாட்டில். முகம் ஏணிப் பக்கம். ஒரு கால் மஞ்சள் துணியைத் தேடிக் கீழே துழாவியது. நான் வரைந்த நாலாவது கட்டம் அப்படியே.

"இறங்காதே!" என்று கத்திவிட்டேன்.

குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். கால் தவறியது. பாட்டில் விழுந்து உருண்டது. என் கண் தானாக மூடிக்கொண்டது.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது குழந்தை அம்மாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தாள். அவள் ஏணிக்குக் கீழேயேதான் நின்றிருந்தாள், தினமும் நிற்கிறபடி. என் கண்ணில்தான் படவில்லை. குழந்தையைத் தரையில் இறக்கி, கையையும் காலையும் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு பிள்ள இப்பிடிக் கத்துத? அவபாட்டுக்கு எறங்கிட்டிருந்தா. நீ கத்துனதுலதான வழுக்குச்சு?"

"அவ விழுந்துருவாக்கா. ஆறு வயசு நிறையுற அன்னிக்கு, நாலாவது படியில. நான் எழுதிட்டேன். யாரும் சொல்லாம, நானாவே எழுதிட்டேன்" என்று உளறினேன்.

அவள் குழந்தையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"நீயாவா எழுதுன?" என்றாள். "நான் சொல்லித்தான எழுதுன."

அந்த மழை நாளில் இதே ஏணிக்குப் பக்கத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மூத்தவளைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி, நாலாவது படியைப் பற்றி, சிவப்புப் பாட்டிலைப் பற்றி. சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரர் பேசவே விடமாட்டார். குழந்தையின் படத்தைக்கூடக் கீழே மாட்டவிடவில்லை, அது மேலே இருக்கிறது. நான் ஏறாத மேல்தட்டில்.

"தமிழ்ப் பிள்ளன்னு சொன்னாங்க, சொன்னேன். நான் சொல்லச் சொல்ல நீ ஒவ்வொண்ணுக்கும் ம், ம்னு கேட்டுக்கிட்டே எழுதுன. இம்புட்டுப் பொறுமையா ஒருத்தரும் கேட்டதில்ல பிள்ள. ஒரு படி போட்டுத் தருவியான்னு கேட்டேன். அதுக்கும் ம்னு சொன்ன."

நான் ம் சொன்னது உண்மை. அளவு படிக்கிறவர் ஒன்பது அடி நாலங்குலம் என்றால், எழுதுகிறவர் எழுதி முடித்து ம் சொல்ல வேண்டும். அப்போதுதான் டேப் அடுத்த சுவருக்குப் போகும். தானேக்காரி அறையின் அளவைப் படித்துக்கொண்டிருந்தாள், இவள் தன் மகள் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் டேப்புக்கு ம் போட்டுக்கொண்டிருந்தேன். காது மட்டும் எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு என் சொந்தக் கற்பனை மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கிறது. பதினைந்து நாளாகப் பிடித்திருந்த பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அது போன இடத்தில் வந்தது அதைவிட மோசமாக இருந்தது. நான் அழுதேன். எனக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவளுக்குக் கோபம் தணிந்துவிட்டது. நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் மகளை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டாள். "எழுதுனத வச்சிருக்கியா? காட்டேன்" என்றாள்.

என் பையில் ஷீட்டின் சின்னப் பிரதி இருந்தது, பழைய கதையோடு. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பைக்குவியலின் மேல் அதை விரித்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல இம்புட்டு எடம் ஏது பிள்ள?" என்றாள்.

"கொஞ்சம் அகலமா போட்டுட்டேன்க்கா."

"படி இதுக்குள்ள வராதோ?"

"வராதுக்கா."

சரி என்று தலையை ஆட்டினாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்த ஆறு கட்டங்களுக்கு வந்தாள். நாலாவது கட்டத்தில் ஏணியிலிருந்த குழந்தையின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"இது அவளா?"

"ஆமாக்கா."

"அவளப் பத்தி எழுதுனது எங்க இருக்கு?"

கீழேயிருந்த ஆங்கிலப் பத்தியைக் காட்டினேன். அவள் வரி வரியாக விரலை ஓட்டினாள். "இதுல அவ பேரு எது?" என்றாள்.

அவள் விரல் காகிதத்திலேயே காத்துக்கொண்டிருந்தது.

நான் சொல்லாததை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுது ஓய்ந்து நின்ற மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. நீ இங்கிலீஷ் படிக்கல்லா. ஒங்கக்கா பேரு எங்கன இருக்குன்னு அம்மாக்குக் காட்டு."

குழந்தை புது ஃப்ராக்கில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து மண்டியிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது.

"யம்மா, இது சைல்ட். எங்க ஸ்கூல் டைரியில இருக்கும். இதுக்குப் பக்கத்துல நம்ம பேர எழுதணும்" என்றாள். இன்னும் குனிந்து பார்த்தாள். "இதுல பேரு எழுதல. ஒண்ணுன்னு போட்டிருக்கு."

அவள் அம்மா ஷீட்டை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். உருண்டு கிடந்த பச்சைப் பாட்டிலை எடுத்து, முந்தானையில் துடைத்து, மகளின் தோளில் மாட்டினாள்.

"அக்கா, அவ பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து மகளின் ஷூவுக்கு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கே சொன்னேன்லா, பிள்ள" என்றாள்.